தமிழ்வழித் தொடக்கப் பள்ளிக்கு எந்த ஆசிரியர் பயிற்சி? நான்கு வழிகளின் ஒப்பீடு

கேரளத்தின் பாலக்காட்டு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்கு அருகே நான்கு ஆசிரியர்கள் மட்டுமே உள்ள ஒரு தமிழ்வழித் தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியை அண்மையில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். பள்ளியின் பழைய மாணவர்கள் ஆண்டுதோறும் ஒரு சிறு தொகை தர முன்வந்திருக்கிறார்கள். சுவருக்கு வண்ணம் பூச வேண்டாம், மேசை நாற்காலி வேண்டாம், ஆசிரியர்கள் இன்னும் நன்றாகக் கற்பிக்க எது உதவுமோ அதற்குச் செலவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். எந்த வழியில் செலவிடுவது என்பதுதான் அவருடைய கேள்வி. சில வாரங்களில் இடுக்கி மாவட்டத்து மறையூரிலிருந்தும் வண்டிப்பெரியாற்றிலிருந்தும் ஏறக்குறைய இதே கேள்வி வந்தது. அங்கே பணம் இல்லை. ஆண்டுக்குச் சில நாள்களை எதற்கு ஒதுக்குவது என்பதே அவர்களுடைய குழப்பம்.

அவர்கள் முன்னால் இருப்பவை நான்கு வழிகள்: விடுமுறைப் பயிற்சியும் க்ளஸ்டர் கூட்டமும் (பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் பயிற்சிக் கூட்டம்), வகுப்பறைக்கே வந்து துணைநிற்கும் வழிகாட்டி, ஆசிரியர்கள் தாங்களே கூடிப் பாடத்தை ஆராயும் குழு, இணைய வழிப் பயிற்சி. இந்த நான்கைப் பற்றியும் உலகின் பல பகுதிகளில் கவனமான ஆய்வுகள் நடந்திருக்கின்றன. பாலக்காட்டு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில் நீண்ட காலம் தமிழ்வழி வகுப்புகளில் கற்பித்தும், சில ஆண்டுகள் க்ளஸ்டர் கூட்டங்களில் ஆர்.பி.யாக (பயிற்சி கொடுக்கும் வளவாளராக) நின்று பயிற்சி கொடுத்தும் எனக்குக் கிடைத்த அனுபவத்தை அந்த ஆய்வுகளோடு சேர்த்து வைத்து இங்கே எழுதுகிறேன்.

எதை வைத்து அளப்பது

பயிற்சி முடிந்த மாலையில் தரப்படும் கருத்துத்தாளில் எல்லோரும் "மிக நன்று" என்று எழுதுவதை அளவுகோலாகக் கொள்ளக் கூடாது. நான் ஆர்.பி.யாக இருந்த ஆண்டுகளில் அப்படிப்பட்ட தாள்களைக் கட்டுக்கட்டாக வாங்கியிருக்கிறேன். அவற்றை எழுதிய ஆசிரியர்களின் வகுப்புகளுக்கு இரண்டு மாதம் கழித்துப் போனபோது பழைய முறையே நடந்துகொண்டிருந்தது. அவர்கள் பொய் எழுதவில்லை. பயிற்சி அவர்களுக்கு உண்மையிலேயே பிடித்திருந்தது, ஆனால் வகுப்பறையின் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. ஆகவே முதல் அளவுகோல், பிள்ளைகளின் வாசிப்பிலும் கணக்கிலும் மாற்றம் தெரிகிறதா என்பதே.

இரண்டாவது அளவுகோல் மொழி. மற்ற பள்ளிகளுக்கு இது ஒரு பொருட்டாக இராது. நமக்கு இதுவே தலையாயது, ஆகையால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் ஆசிரியர்களுக்குக் கிடைக்கும் பயிற்சிகளில் பெரும்பாலானவை மலையாளத்தில் திட்டமிடப்பட்டு, மலையாளத்தில் நடத்தப்பட்டு, கடைசியில் "தமிழ்வழிக்காரர்கள் இதை உங்கள் மொழிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்" என்ற ஒரு வாக்கியத்தோடு நம் கைக்கு வருகின்றன. சில இடங்களில் அந்த மாற்றம் எளிது. சுற்றளவு, பரப்பளவு என்ற சொற்கள் இரு மொழிக்கும் பொது. லகர, ளகர, ழகர வேறுபாடும் இரு மொழியிலும் உண்டு, அதற்கான பயிற்சிகளை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். வேறு சில இடங்களில் மாற்றவே முடியாது. மலையாளத்தில் ககர ஒலிகளுக்கு நான்கு எழுத்துகள் இருக்க, தமிழில் 'க' ஒன்றே கல், பக்கம், பங்கு, பகல் என்று இடத்துக்கு இடம் ஒலி மாறுகிறது. பிள்ளை எழுத்தை மட்டும் பார்த்தால் போதாது. அது சொல்லின் தொடக்கத்தில் இருக்கிறதா, இரட்டித்திருக்கிறதா, மெல்லினத்தை அடுத்து நிற்கிறதா, இரண்டு உயிர்களுக்கு நடுவில் இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்த்துத்தான் ஒலியை முடிவுசெய்ய வேண்டும். 'ந', 'ன' விஷயத்தில் நிலைமை தலைகீழ்: மலையாளத்தில் இரண்டுக்கும் ஒரே எழுத்து, தமிழில் இரண்டு. இரு எழுத்துமுறைகளையும் சேர்த்துக் கற்கும் நம் பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பதை, மலையாள எழுத்துக் கற்பித்தலுக்காகத் தயாரிக்கப்பட்ட கையேடு சொல்லாது. கணக்கிலும் அப்படியே: பயிற்சியில் குணனம், ஹரணம் என்று கேட்டுவிட்டு வகுப்பில் பெருக்கல், வகுத்தல் என்று நாமே மாற்றிக்கொள்கிறோம், சொல்லை மாற்றிவிடலாம், அதைச் சுற்றிச் சொல்லப்பட்ட விளக்கமும் கேள்விகளும் அதே தெளிவோடு மாறி வருவதில்லை. ஆந்திர எல்லையில் நகரி, சத்தியவேடு, குப்பம் பக்கத்தில் தெலுங்கோடு தமிழைச் சேர்த்துக் கற்பவர்களுக்கும் ககரச் சிக்கல் இதுவேதான். அங்கே ழகரமும் கூடுதல் சிரமம், ஏனென்றால் இன்றைய தெலுங்கில் அந்த எழுத்து வழக்கில் இல்லை.

கல்வியியலாளர் லீ ஷுல்மன் 1986இல் முன்வைத்த ஒரு கருத்து இங்கே மிகவும் பொருந்தும். பாடத்தை அறிந்திருப்பது ஓர் அறிவு, பொதுவாகக் கற்பிக்கத் தெரிந்திருப்பது இன்னோர் அறிவு. இந்தக் குறிப்பிட்ட பாடத்தின் இந்தக் குறிப்பிட்ட இடத்தில் பிள்ளை எப்படித் தவறாகப் புரிந்துகொள்ளும், அதை எந்த எடுத்துக்காட்டால் சரிசெய்யலாம் என்று தெரிந்திருப்பது மூன்றாவது அறிவு என்றார் அவர். தமிழ் எழுத்தைக் கற்பிப்பதற்கான இந்த மூன்றாவது அறிவைத் தருகிறதா என்ற கேள்வியை ஒவ்வொரு பயிற்சியிடமும் நாம் கேட்க வேண்டும்.

மூன்றாவது, பயிற்சி விழுங்கும் வகுப்பு நேரம். நான்கு ஆசிரியர் பள்ளியில் ஒருவர் ஐந்து பணிநாள் வெளியே போனால், அவருடைய வகுப்பை அடுத்த அறையோடு சேர்க்க வேண்டியிருக்கும். அப்போது பாதிக்கப்படுவது ஐந்து வகுப்பு நாள்கள் அல்ல, பத்து. பெரிய பள்ளிகள் இந்தக் கணக்கைப் போட வேண்டியதே இல்லை.

நான்காவது, ஆள் போன பிறகு எஞ்சுவது. தமிழ்வழிப் பணியிடங்களில் தினக்கூலி ஆசிரியர்கள் அதிகம், இடமாற்றமும் அடிக்கடி நடக்கும். ஒருவருக்குக் கொடுத்த பயிற்சி அவரோடு பேருந்து ஏறிப் போய்விடுகிறதா, பள்ளியில் ஏதாவது தங்குகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

விடுமுறைப் பயிற்சியும் க்ளஸ்டர் கூட்டமும்

நமக்கு மிகவும் பழகிய வழி இது. பல பள்ளிகளின் ஆசிரியர்களை ஓரிடத்தில் கூட்டி, சில நாள்கள் பயிற்சி கொடுத்து அனுப்புவது. இதற்குப் பள்ளி எதையும் ஏற்பாடு செய்ய வேண்டியதில்லை. உத்தரவு வரும், போக வேண்டும்.

இவ்வகைப் பயிற்சியின் பலனைப் பற்றிய ஆய்வு முடிவுகள் மனத்துக்கு உவப்பானவை அல்ல. சீனாவில் தேசிய ஆசிரியர் பயிற்சித் திட்டத்தைப் பிரஷாந்த் லோயால்கா குழுவினர் 300 பள்ளிகளில், 600 கணித ஆசிரியர்களையும் 33,000க்கும் மேற்பட்ட மாணவர்களையும் கொண்டு சோதித்து 2019இல் வெளியிட்ட முடிவு இது: ஓர் ஆண்டுக்குப் பிறகும் மாணவர்களின் கணித அறிவில் எந்த முன்னேற்றமும் இல்லை. பயிற்சி வகுப்புகள் கோட்பாட்டு மிகுதியாகவும், ஆசிரியர்கள் வெறுமனே உட்கார்ந்து கேட்கும்படியாகவும் இருந்ததை அவர்கள் காரணமாகச் சுட்டினார்கள். நம் நாட்டிலும் பிரதம் என்ற கல்வித் தன்னார்வ அமைப்பின் வாசிப்பு முறையைச் சோதித்தபோது, பள்ளி ஆண்டின் நடுவே ஆசிரியர்களுக்குப் பயிற்சியையும் பொருள்களையும் மட்டும் கொடுத்த இடங்களில் பிள்ளைகளின் வாசிப்பு நகரவில்லை. அதே முறை ஹரியானாவில் பலன் தந்தது. அங்கே நாள்தோறும் ஒரு மணி நேரம் அதற்கென்றே ஒதுக்கப்பட்டது. பிள்ளைகள் வகுப்புப்படி அன்றி வாசிப்பு நிலைப்படி பிரிக்கப்பட்டனர். வட்டார அலுவலர்கள் முதலில் தாங்களே பள்ளியில் அந்த முறையில் கற்பித்துப் பார்த்துவிட்டு, பிறகு ஆசிரியர்களுக்குத் துணையாகச் சென்றார்கள். பயிற்சியின் உள்ளடக்கம் ஒன்றே. அது வகுப்பறைக்குள் பின்தொடர்ந்து வந்ததா என்பதுதான் வேறுபாடு.

அன்னா பொப்போவாவும் டேவிட் எவன்ஸும் மற்றவர்களும் 14 நாடுகளின் 139 அரசுத் திட்டங்களை, நன்கு சோதிக்கப்பட்ட 33 திட்டங்களோடு ஒப்பிட்டார்கள். ஒரு குறிப்பிட்ட பாடத்தை மையமாகக் கொள்வது, பயிற்சியிலேயே ஆசிரியர் பாடம் நடத்திப் பார்ப்பது, நேரில் கூடித் தொடங்குவது, பங்கேற்பைப் பணி உயர்வு போன்ற ஊக்கத்தோடு இணைப்பது ஆகிய கூறுகள் உள்ள திட்டங்களில் மாணவர்களின் முன்னேற்றம் அதிகமாக இருந்தது. பெரிய அரசுத் திட்டங்களில் பெரும்பாலும் காணக் கிடைக்காதவையும் இவையே.

மறைந்திருக்கும் செலவுகள் நம் பக்கத்தில் அதிகம். பாலக்காட்டு டயட் (மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனம்) மாவட்டத்தின் மேற்குக் கோடியில் ஆனக்கரையில் இருக்கிறது. வேலந்தாவளத்திலிருந்தோ கோவிந்தாபுரத்திலிருந்தோ போவது மாவட்டத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போவது. இடுக்கி டயட் தொடுபுழாவில். வட்டவடை ஆசிரியருக்கு மலை இறங்கிப் போய்த் தங்கிவிட்டு வர வேண்டிய தொலைவு. பி.ஆர்.சி. (வட்டார வள மையம்) அளவில் நடக்கும் கூட்டங்கள் பக்கம்தான் என்றாலும், அங்கே தமிழ்வழி ஆசிரியர்கள் இரண்டு மூன்று பேராகத்தான் இருப்பார்கள், அவர்களுக்கென்று தனிக்குழு அமைவது அரிது. மே மாதப் பயிற்சிக்கு வகுப்பு நாள் இழப்பு இல்லை என்பது நல்லதுதான். ஆனால் ஜூனில் வரப்போகும் தினக்கூலி ஆசிரியர் அப்போது நியமனமே ஆகியிருக்க மாட்டார். பயிற்சி மிகவும் தேவைப்படுபவருக்கே அது கிடைக்காமல் போகிறது.

இந்த வழியே சிறந்தது என்று சொல்லத்தக்க சூழல் ஒன்று உண்டு. பாடப்புத்தகம் மாறும்போது எல்லோரும் ஓரிடத்தில் கூடித்தான் ஆக வேண்டும். கேரளத்தில் 2024இல் 1, 3, 5, 7, 9ஆம் வகுப்புகளுக்கும், அடுத்த ஆண்டு 2, 4, 6, 8, 10ஆம் வகுப்புகளுக்கும் புதிய புத்தகங்கள் வந்தபோது, புத்தகத்தை எழுதியவர்களின் நோக்கத்தை அறிந்துகொள்ள இதைவிட விரைவான வழி வேறில்லை. அதற்காகப் போங்கள், கவனமாகக் குறிப்பெடுங்கள். பழைய மாணவர்கள் தரும் பணத்தை இதில் போட வேண்டாம்.

வகுப்பறைக்கு வரும் வழிகாட்டி

ஒரு திறமையான ஆசிரியர் மாதம் ஒருமுறை வகுப்புக்கே வந்து, பின்னால் உட்கார்ந்து பார்த்து, தேவைப்பட்டால் தானே ஒரு பகுதியை நடத்திக் காட்டி, பாடம் முடிந்தபின் அரை மணி நேரம் பேசிவிட்டுப் போவது. புரூஸ் ஜாய்ஸும் பெவர்லி ஷவர்ஸும் 1980களிலேயே இதை வலியுறுத்தினார்கள்: கோட்பாடு, செய்துகாட்டல், பயிற்சி எல்லாம் இருந்தாலும், வகுப்பறைக்குள் துணை இல்லாவிட்டால் புதிய முறை ஆசிரியரின் அன்றாட வழக்கமாக மாறாது என்று.

மேத்யூ கிராஃப்ட் குழுவினர் 2018இல் இப்படிப்பட்ட 60 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். கற்பிக்கும் முறையில் சுமார் அரைத் திட்டவிலக்க அளவும் (திட்டவிலக்கம் என்பது மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு), மாணவர்களின் தேர்ச்சியில் 0.18 திட்டவிலக்க அளவும் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் திட்டம் பெரிதாகப் பெரிதாகப் பலன் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. சிறிய பள்ளிகளாகிய நமக்கு இது ஆறுதல் தரும் செய்தி.

நமக்கு இன்னும் நெருக்கமான ஆய்வு தென்னாப்பிரிக்காவில் நடந்தது. அங்கே செட்ஸ்வானா என்ற தாய்மொழியில் சிறு பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுக்கும் 180 பள்ளிகளை எடுத்துக்கொண்டு, ஒரு பகுதிக்கு மையப் பயிற்சியும் ஒரு பகுதிக்கு வகுப்பறை வழிகாட்டியும் கொடுத்தார்கள். இரு பகுதிக்கும் ஒரே பாடத்திட்டக் குறிப்புகள், ஒரே வாசிப்புப் புத்தகங்கள். ஜேக்கபஸ் சிலியர்ஸ் குழுவினர் 2020இல் வெளியிட்ட முடிவின்படி, இரண்டு ஆண்டுகளில் மையப் பயிற்சி பெற்ற பள்ளிகளில் வாசிப்பு 0.12 திட்டவிலக்கமும், வழிகாட்டி வந்த பள்ளிகளில் 0.25 திட்டவிலக்கமும் உயர்ந்தது. இந்த எண்களை இப்படிப் புரிந்துகொள்ளலாம்: நூறு பிள்ளைகளை வாசிப்பு வரிசையில் நிறுத்தினால், நடுவில் 50ஆம் இடத்தில் நிற்கும் பிள்ளை முதல் வழியில் சுமார் 55ஆம் இடத்துக்கும் இரண்டாம் வழியில் சுமார் 60ஆம் இடத்துக்கும் உயர்கிறது. வழிகாட்டிக்குச் செலவு கூடுதல்தான். பலன் அதைவிடக் கூடுதல்.

இங்கே எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. பணியில் சேர்ந்த தொடக்கத்தில் என் வகுப்புக்கும் ஒருவர் வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார். அவர் கையில் ஒரு படிவம் இருந்தது, அதில் மதிப்பெண் போட்டார், அது மேலிடத்துக்குப் போனது. அடுத்தமுறை அவர் வரும் நாளை முன்கூட்டியே அறிந்துகொண்டு, பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்த பாடத்தையே மறுபடி நடத்தினேன். கேட்ட கேள்விக்கெல்லாம் கை உயர்ந்தது. அவரும் மகிழ்ந்தார், அதிகாரிகளும் மகிழ்ந்தார்கள். நானும் பிள்ளைகளும் ஒரு பாட நாளை இழந்தோம். வழிகாட்டி கண்காணிப்பாளராக மாறும் அந்தக் கணமே இந்த வழியின் மிகப் பெரிய மறைவுச் செலவு. வருபவர் எழுதும் குறிப்பு ஆசிரியரிடமே இருக்க வேண்டும், வேறு எவர் கைக்கும் போகக் கூடாது என்பதை முதல் நாளே தலைமையாசிரியர் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும்.

அடுத்த செலவு ஆள் தேடுவது. தமிழ் எழுத்தைக் கற்பிக்கத் தெரிந்த, பிறர் வகுப்பில் அடக்கத்தோடு உட்காரத் தெரிந்த ஒருவர் வேண்டும். சித்தூர் வட்டத்திலும் மூணாற்றுத் தோட்டப் பகுதியிலும் பணி ஓய்வு பெற்ற தமிழ்வழி ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்களைத்தான் நான் முதலில் நாடுவேன். கணக்கும் எட்டாத தொலைவில் இல்லை: நான்கு ஆசிரியர்கள், பத்து மாதம், மாதம் ஒருமுறை என்றால் 40 வகுப்புகள், ஒரு நாளில் இரண்டு வகுப்பு பார்த்தால் 20 நாள்கள். இருபது நாள்களுக்கான பேருந்துச் செலவும் ஒரு கௌரவத் தொகையும் பழைய மாணவர் சங்கம் தாங்கக்கூடியதே. இதில் ஆசிரியர் எவரும் வகுப்பை விட்டு வெளியே போக வேண்டியதில்லை.

புதிதாகச் சேர்ந்தவருக்கும் தினக்கூலி ஆசிரியருக்கும் இதற்கு ஈடான வழி இல்லை. ஜூனில் முதல் வகுப்பை ஒரு புதிய ஆசிரியரிடம் ஒப்படைக்கும் பள்ளி, மற்ற எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டு இதைச் செய்யலாம்.

ஆசிரியர்கள் தாங்களே கூடும் குழு

ஜப்பானிய ஆசிரியர்கள் நூற்றாண்டுக்கும் மேலாகச் செய்துவரும் பாட ஆய்வு முறைதான் இதற்கு முன்மாதிரி. சில ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிடுகிறார்கள், ஒருவர் நடத்துகிறார், மற்றவர்கள் பிள்ளைகளையே கவனிக்கிறார்கள், பிறகு கூடிப் பேசி, பாடத்தைத் திருத்தி, இன்னொரு வகுப்பில் மீண்டும் நடத்துகிறார்கள். ஆசிரியரை மதிப்பிடுவது அங்கே வேலை அல்ல. பாடம் என்ன செய்தது என்று பார்ப்பதே வேலை.

ஆய்வு முடிவுகள் இங்கே இரண்டு பக்கமும் இருக்கின்றன. அமெரிக்காவில் கேத்தரின் லூயிஸும் ரெபெக்கா பெர்ரியும் ஆசிரியர் குழுக்களுக்குப் பின்னங்களைப் பற்றிய நல்ல ஆய்வுப் பொருள்களடங்கிய ஒரு தொகுப்பை அனுப்பி, அதை வைத்துப் பாட ஆய்வு செய்யச் சொன்னபோது, ஆசிரியர்களின் அறிவும் மாணவர்களின் அறிவும் உயர்ந்தன. இங்கிலாந்தில் பெரிய அளவில் நடந்து 2017இல் வெளியான சோதனையிலோ, பிள்ளைகளின் கணக்கிலும் வாசிப்பிலும் முன்னேற்றத்துக்குச் சான்று இல்லை. என் கணிப்பில் வேறுபாட்டுக்குப் பெரிய காரணம் கையில் இருந்த பொருள்: ஒரு குறிப்பிட்ட சிக்கலையும் அதைப் பற்றி ஏற்கெனவே அறியப்பட்டதையும் வைத்துக்கொண்டு கூடிய குழு ஆழமாகப் போகிறது, வெறுமனே கூடிப் பேசச் சொன்ன குழு, தனக்கு முன்பே தெரிந்ததையே சுற்றிவருகிறது.

நம் பள்ளிகளில் எஸ்.ஆர்.ஜி. (பள்ளி வளக் குழு) என்ற பெயரில் இந்தக் குழு ஏற்கெனவே இருக்கிறது. பல இடங்களில் அது அடுத்த விழாவையும் கணக்கு வழக்கையும் பேசி, தேநீர் குடித்து, நடவடிக்கைக் குறிப்பு எழுதிக் கலைந்துவிடுகிறது. அதையே வேறு வகையில் நடத்த முடியும் என்பதை நான் ஒருமுறை கண்ணால் பார்த்தேன். பக்கத்துப் பக்கத்து ஊர்களிலிருந்த இரண்டு பள்ளிகளின் ஆசிரியர்கள் மூவர், இரண்டாம் வகுப்பில் 'க' வரும் சொற்களை வாசிக்கும் ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டோம். ஒருவர் நடத்த, நாங்கள் இருவரும் ஆளுக்கு மூன்று பிள்ளைகளை மட்டும் கவனித்தோம். என் பக்கத்தில் இருந்த சிறுமி 'பகல்' என்பதைப் 'பக்கல்' என்று வாசித்தாள், 'நகம்' என்பதை 'நக்கம்' என்றாள். இடைவேளையில் அதே சிறுமி நகத்தில் மண் புகுந்துவிட்டதென்று தோழியிடம் மிகச் சரியாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுடைய நாக்கில் தவறில்லை, காதிலும் தவறில்லை. எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசிக்கும்படி நாங்கள் பழக்கியிருந்தோம்; 'க' என்று தனியாகச் சொல்லும்போது வரும் வல்லொலியை அவள் நேர்மையாக அப்படியே சொல்லுக்குள் கொண்டுவந்துவிட்டாள்.

அன்று மாலை பாடத்தின் வரிசையைத் தலைகீழாக மாற்றினோம். பிள்ளைகள் வாயால் சொல்லும் சொல்லிலிருந்து தொடங்கி, அதைக் கரும்பலகையில் எழுதி, 'பக்கம்', 'பகல்' இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எழுத்து ஒன்றா, ஒலி ஒன்றா என்று அவர்களையே கேட்க வைத்தோம். அடுத்த வாரம் மற்றப் பள்ளியில் நடத்தியபோது, ஒரு பையன் எழுந்து நின்று, "சொல்லுக்கு நடுவுல தனியா இருந்தா அது மெதுவாயிடும் டீச்சர்" என்றான். எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் நான் படித்திராத ஒரு விதியை இரண்டாம் வகுப்புப் பிள்ளை தன் வாயால் சொன்னதை இன்றும் நினைத்துக்கொள்கிறேன். அந்தப் பாடக் குறிப்பு இரண்டு பள்ளிகளிலும் தங்கியது. நாங்கள் மூவரும் இடம் மாறிய பிறகும் அங்கே பயன்பட்டது. நான்காவது அளவுகோலில் இந்த வழியை மற்ற எதுவும் நெருங்காது.

செலவுகள் உண்டு. முதலாவது நம்முடைய மரியாதைப் பழக்கம்: மூத்த ஆசிரியரின் பாடத்தில் குறை இருந்தால் இளையவர் வாய் திறக்க மாட்டார். ஆசிரியரைப் பற்றிப் பேசக் கூடாது, பிள்ளை என்ன செய்தது என்று மட்டுமே பேச வேண்டும் என்ற விதி அதை ஓரளவு தீர்க்கும். இரண்டாவது நேரம். ஒரு பாடத்துக்கு மூன்று அமர்வுகள் வேண்டும், அதில் ஒன்று வகுப்பு நேரத்திலேயே நடக்கும். கவனிக்க வருபவரின் வகுப்பை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது, நான்கு பேருக்குள் ஒரே வகுப்பைக் கையாள்பவர் இன்னொருவர் இருக்க மாட்டார். ஆகவே பக்கத்துப் பள்ளியைச் சேர்த்துக்கொள்ளாமல் இது நடக்காது. மறையூரும் காந்தளூரும் போலப் பேருந்தில் எட்டும் தொலைவில் இருந்தால் எளிது. மலையில் தனியாக நிற்கும் பள்ளிக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆசிரியர்கள் எல்லோருமே புதியவர்களாக உள்ள பள்ளிக்கும் அப்படியே. கூடிப் பேச ஒருவரிடமாவது அனுபவம் இருக்க வேண்டும்.

இணைய வழி

2017இல் வந்த தீக்ஷா என்ற மத்திய அரசின் இணையக் கல்வித் தளமும், 2019இல் தொடங்கிய நிஷ்தா என்ற தேசிய ஆசிரியர் பயிற்சியும் இன்று எல்லா ஆசிரியர்களுக்கும் அறிமுகமானவை. ஆண்டுக்குக் குறைந்தது 50 மணி நேரத் தொழில் வளர்ச்சிப் பயிற்சி என்று 2020இன் தேசியக் கல்விக் கொள்கை சொல்வதால், அந்த மணிகளை நிரப்ப இதுவே எளிய வழியாகத் தோன்றுகிறது. பயணம் இல்லை, பணம் இல்லை, தமிழில் தமிழகத்தின் பாடப்பொருள்களும் கிடைக்கின்றன.

ஆனால் தென்னாப்பிரிக்காவில் நடந்த மற்றோர் ஆய்வை நம்மவர்கள் கவனமாகப் படிக்க வேண்டும். ஆங்கிலம் கற்பிக்கும் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு பகுதியில் நேரில் வரும் வழிகாட்டியும், இன்னொரு பகுதியில் தொலைத்தொடர்பு வழியாகப் பேசும் வழிகாட்டியும் அமர்த்தப்பட்டார்கள். மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு நேரடித் துணை பெற்ற பிள்ளைகளின் ஆங்கிலப் பேச்சுத்திறன் 0.31 திட்டவிலக்கமும் வாசிப்பு 0.13ம் உயர்ந்தன. தொலைவழியில் பேச்சுத்திறன் 0.12 மட்டுமே உயர்ந்தது. வாசிப்பில் மாற்றமே இல்லை. அத்தோடு பிள்ளைகளின் தாய்மொழி வாசிப்பு, எந்த வழிகாட்டியும் இல்லாத பள்ளிகளைவிடப் பின்னடைந்தது. ஆங்கிலத்துக்கான வேலை தாய்மொழிக்கான நேரத்தைத் தின்றுவிட்டது என்று வகுப்பறைப் பதிவுகள் காட்டின. கருவிகளோ இணைப்போ தடையாக இருக்கவில்லை என்பதையும் ஆய்வாளர்கள் குறிப்பிடுகிறார்கள். நேரில் ஒருவர் வருவதால் உண்டாகும் பொறுப்புணர்வும் ஆதரவும்தான் அங்கே இல்லாமல் போனது. மூன்று மொழிகளுக்கு நடுவே தமிழ் நேரத்தைக் காத்துக்கொண்டிருக்கும் நம் பள்ளிகளுக்கு இது நேரடியாகப் பொருந்தும் எச்சரிக்கை.

தமிழகத்துப் பொருள்களிலும் ஒரு சிக்கல் உண்டு: அவை வேறு பாடப்புத்தகத்துக்காக எழுதப்பட்டவை. மொழிப் பாடத்துக்கு அப்படியே உதவும். சூழ்நிலையியலுக்கும் கணக்கின் வரிசைக்கும் பொருந்தாது. ஆசிரியர் தன் பாட அறிவைத் தானே வளர்த்துக்கொள்ளவும், இரண்டு நேரடிச் சந்திப்புகளுக்கு நடுவே வழிகாட்டியோடு ஒரு வகுப்புப் பதிவைப் பகிர்ந்து பேசவும் இணையம் நல்ல துணை. தனி வழியாக அதை நம்பலாம் என்று சொல்வதற்கு வட்டவடை போன்ற எட்டாத பள்ளிகளில்கூட எனக்கு மனம் வரவில்லை. அங்கேயும் ஆண்டுக்கு மூன்று முறையாவது ஒருவர் நேரில் போக வேண்டும்.

பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| வழி | வகுப்பை விட்டு விலகும் நேரம் | தமிழில் அமையுமா | எளிதில் கண்ணில் படாத செலவு |
|---|---|---|---|
| விடுமுறைப் பயிற்சி, க்ளஸ்டர் | மே மாதத்தில் இல்லை. பணிநாளில் முழு நாள் | அரிது | பயணம், மொழிமாற்றும் வேலை, தினக்கூலி ஆசிரியர் விடுபடுதல் |
| வகுப்பறை வழிகாட்டி | இல்லை | ஆளைப் பொறுத்து முழுமையாக | ஆள் தேடல், கண்காணிப்பாக மாறும் அபாயம் |
| ஆசிரியர் குழு | பாடம் ஒன்றுக்கு ஓர் அமர்வு | முழுமையாக | மாற்று ஆள், தயக்கம், பக்கத்துப் பள்ளியின் ஒத்துழைப்பு |
| இணைய வழி | ஆசிரியரின் சொந்த நேரம் | ஓரளவு | தமிழ் நேரத்தைப் பிற மொழி தின்பது |

கொழிஞ்சாம்பாறைப் பள்ளிக்கு நான் சொன்னது

அந்தப் பள்ளியில் இருவர் அனுபவமுள்ளவர்கள், இருவர் தினக்கூலியில் புதிதாக வந்தவர்கள். ஆகவே பணத்தை முழுவதும் ஓய்வு பெற்ற ஒரு தமிழ்வழி ஆசிரியரின் வருகைக்கு ஒதுக்கவும், அவர் முதல் அரையாண்டில் புதியவர்கள் இருவரின் வகுப்புகளுக்கு மட்டும் மாதம் இருமுறை வரவும் சொன்னேன். அனுபவமுள்ள இருவரும் பக்கத்துப் பள்ளியோடு சேர்ந்து ஆண்டுக்கு இரண்டே இரண்டு பாடங்களைப் பாட ஆய்வாக எடுத்துக்கொள்ளலாம். ஒன்று எழுத்து, ஒன்று பின்னம். கூட்டம் நடக்கும் நாளில் அந்த ஓய்வு பெற்ற ஆசிரியரே மாற்றாக வகுப்பைப் பார்த்துக்கொள்வார். இரண்டாம் அரையாண்டில் புதியவர்களும் அந்தக் குழுவில் சேர்வார்கள். எல்லா ஆசிரியர்களும் நிலையாக இருக்கும் பள்ளியாக இருந்திருந்தால், வரிசையை மாற்றிக் குழுவை முதலில் சொல்லியிருப்பேன். பணம் இல்லாத மறையூர்ப் பள்ளிக்கு அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். வண்டிப்பெரியாற்றுப் பள்ளியில் முதல் வகுப்பு ஆசிரியர் நடு ஆண்டில் மாறிப் போகிறார் என்று தெரிந்ததால், மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால், வரப்போகும் புதியவரின் முதல் ஆறு வாரங்களுக்கு மூத்த ஆசிரியை ஒருவர் நாள்தோறும் ஒரு பாடவேளை அந்த வகுப்பில் உடனிருக்கும்படி நேர அட்டவணையைத் திருத்தச் சொன்னேன்.

மூன்று பள்ளிகளுக்கும் பொதுவாக ஒன்று. பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் அளக்க 2005 முதல் நடக்கும் அசர் ஆய்வின் வாசிப்புத் தாள் தமிழிலும் இருக்கிறது: எழுத்து, சொல், முதல் வகுப்பு நிலைப் பத்தி, இரண்டாம் வகுப்பு நிலைக் கதை என்று நான்கு படிகள். ஒரு பிள்ளைக்குச் சில நிமிடங்களே ஆகும். ஜூன் மாத இரண்டாம் வாரத்தில் ஒவ்வொரு பிள்ளையும் எந்தப் படியில் நிற்கிறது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அதை வகுப்பாசிரியர் எடுக்காமல் அடுத்த வகுப்பு ஆசிரியர் எடுக்கட்டும். டிசம்பரில் அதே ஆசிரியர் அதே தாளோடு மீண்டும் உட்காரட்டும். எழுத்துப் படியிலேயே நின்றுவிட்ட பிள்ளைகளின் பெயர்களை மட்டும் எடுத்துக்கொண்டு, ஜனவரியில் வழிகாட்டியோ குழுவோ முதலில் எந்த வகுப்பைக் கவனிக்க வேண்டும் என்பதை அந்தப் பட்டியலை வைத்து முடிவுசெய்யுங்கள்.